பம்பர் ஓரத்து இடைவெளி

நேயர்களுக்கு வணக்கம். நாளை காரை எடுக்கும் முன் பின்பக்கம் போய் ஒரு நிமிடம் குனிந்து பாருங்கள். பம்பரின் மூலை, சக்கரத்துக்கு மேலே உள்ள தகட்டைத் தொடும் இடத்தில் ஒரு கோடு தெரியும். இடப்பக்கமும் வலப்பக்கமும் அந்தக் கோடு ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். பல ஆண்டுகளாக எல்லோரிடமும் இதைத்தான் சொல்லி வருகிறேன்.

ஒருமுறை சிக்னலில் நின்றிருந்தேன். பின்னால் வந்த வண்டி மெதுவாக முட்டியது. இறங்கிப் பார்த்தால் கீறல்கூட இல்லை. பரவாயில்லை என்று அனுப்பிவிட்டேன். மூன்று வாரம் கழித்து வண்டியைத் துடைக்கும்போது இடது மூலையில் துணி மாட்டிக்கொண்டது. விரலை வைத்தேன், சுண்டுவிரல் நுனி உள்ளே போனது. வலது மூலையில் நகம்கூட நுழையவில்லை. கழற்றிப் பார்த்தோம். பம்பரைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் பிராக்கெட்டின் பற்கள் ஒடிந்திருந்தன. உள்ளே இருந்த நுரைக் கட்டி இரண்டாகப் பிளந்திருந்தது. அதன் பின்னே குறுக்காக இருக்கும் இரும்புச் சட்டம் நடுவில் உள்வாங்கியிருந்தது. மூன்று வாரமும் அப்படியேதான் ஓட்டியிருக்கிறேன்!

காரணம் எளிது. நம் கண்ணுக்குத் தெரியும் பம்பர் வெறும் பிளாஸ்டிக் உறை. முட்டினால் அமுங்கும், உடனே பழைய உருவத்துக்கு எழும்பிவிடும். இடியை வாங்குவது நுரையும் சட்டமும். சட்டம் வளைந்தால் வளைந்ததுதான். ஐ.நா.வின் 42ஆம் எண் விதிப்படி பம்பரைச் சோதிப்பதே மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில், மூலைக்கு 2.5தான். நாம் நடப்பதே அதைவிட வேகம். ஆகவே லேசாகத்தான் முட்டியது என்று விட்டுவிடாதீர்கள். கோட்டைப் பாருங்கள்.

கோடு விரிந்திருந்தால் சிலர் பம்பரை உள்ளங்கையால் குத்தி உள்ளே தள்ளுகிறார்கள். இரண்டு நாளில் மறுபடி வெளியே வரும். வேறு சிலர் பம்பரைத் துளைத்து ஸ்க்ரூ முடுக்குகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பிளாஸ்டிக் வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும். அசைய இடமில்லாமல் இறுக்கினால் துளையிலிருந்தே விரிசல் ஓடும். பிராக்கெட்டை மாற்றுங்கள். கழற்றும்போது பிடி தளர்ந்த கிளிப்புகளையும் மாற்றுங்கள். தளர்ந்த கிளிப்பைத் திரும்பச் செருகினால் கோடு மறுபடி விரியலாம்.

பெயின்ட் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், அதற்குள் நேரம் முடிகிறது என்று சைகை வந்துவிட்டது. ஒன்று மட்டும். பம்பரின் பின்னால் ராடார், அதாவது அருகில் வரும் வண்டிகளை உணரும் கருவி, உள்ள கார்களில் அந்த இடத்தில் பட்டி பூசவோ ஸ்டிக்கர் ஒட்டவோ கூடாது. ராடார் பார்ப்பது தடுமாறும். பெயின்ட் அடிக்கக் கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். வணக்கம்.