மூக்கு திரும்பாத கார்

நேயர்களுக்கு வணக்கம்.

பாலிடெக்னிக்கில் பல வருடமாக ஆட்டோமொபைல் பாடம் எடுக்கிறேன். சஸ்பென்ஷன், அதாவது சக்கரத்தை வண்டியோடு இணைத்துத் தாங்கும் அமைப்பு, என்றால் என்னவென்று எனக்கு நிஜமாகவே புரிந்தது ஒரு வீடியோ கேமில்தான். இதைச் சொன்னால் உடன் வேலை பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். வகுப்பில் கேம்பர் கோணத்தை, அதாவது டயரின் தலை உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கோணத்தை, பலகையில் வரைவேன். பையன்கள் நோட்டில் ஏற்றிக்கொண்டு பரீட்சையில் அப்படியே இறக்கி வைப்பார்கள். அந்தக் கோணத்தை அரை டிகிரி மாற்றினால் வண்டி எப்படி மாறும் என்று ஓட்டிப் பார்த்தவர்கள் எங்கள் வகுப்பறையில் யாருமில்லை, வாத்தியார் உட்பட.

அக்கா மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கன்ட்ரோலரை என் கையில் திணித்தான். "மாமா, வண்டி திரும்பவே மாட்டேங்குது. நீங்கதானே ஆட்டோமொபைல் வாத்தியார், என்னன்னு பாத்துச் சொல்லுங்க." விளையாட்டு கிரான் டுரிஸ்மோ 7, 2022-ல் வந்தது. கார் நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர், ஆர் 32. ஓடுதளம் ஜப்பானின் சுசூகா.

அந்தக் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நோய் அதன் ஜாதகத்திலேயே இருக்கிறது. 1989-ல் வந்த வண்டி. 2568 சிசி, ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ. காகிதத்தில் 280 குதிரைத்திறன். அதற்கு மேல் விளம்பரத்தில் போடுவதில்லை என்று ஜப்பானியக் கம்பெனிகள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட காலம் அது. என்ஜின் உள்ளே எவ்வளவு இடம் விட்டுக் கட்டியிருந்தார்கள் என்பது ட்யூனிங் செய்தவர்களுக்குத்தான் தெரியும். ஜப்பான் டூரிங் கார் பந்தயத்தில் 1990 முதல் 1993 வரை 29 ஓட்டங்கள், 29-லும் ஜெயித்தது ஜிடி-ஆர்தான். ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் 1000 பந்தயத்தை 1991, 1992 இரண்டு வருடமும் ஜிம் ரிச்சர்ட்ஸ், மார்க் ஸ்கைஃப் ஜோடி இந்தக் காரில்தான் வென்றது. காட்ஸில்லா என்ற பட்டப்பெயர் அந்த நாட்டுப் பத்திரிகை வைத்ததுதான். சும்மா விடுவார்களா? 1992-ல் வண்டியில் கூடுதல் எடையை ஏற்றி ஓடச் சொன்னார்கள். அப்படியும் ஜெயித்தது.

இத்தனைக்கும் காரணம் அதன் ஆல் வீல் டிரைவ், அதாவது நாலு சக்கரத்துக்கும் இழுவிசை போகும் அமைப்பு. சாதாரணமாக இது பின்சக்கர வண்டி. பின்டயர் வழுக்கத் தொடங்கினால், நடுவில் இருக்கும் பல தட்டு கிளட்ச் ஒன்று எண்ணெய் அழுத்தத்தில் இறுகி, இழுவிசையில் ஒரு பங்கை முன்சக்கரங்களுக்கு அனுப்பும். அதிகபட்சம் பாதி. தேவைப்படும்போது மட்டும், தேவைப்படும் அளவு மட்டும். இந்தக் கஞ்சத்தனம்தான் அதன் சாமர்த்தியம். ஆனால் நீளமான என்ஜின் முன்னால் உட்கார்ந்திருக்கிறது, மூக்கு கனம். அதையும் மனதில் வையுங்கள்.

நம்ம பையன் என்ன செய்திருந்தான் தெரியுமா? எல்லோரும் செய்வதைத்தான். விளையாட்டுக்குள் இருக்கும் கடைக்குப் போய்ப் பெரிய டர்போ வாங்கிப் போட்டிருந்தான். சக்தி இரண்டு மடங்குக்குப் பக்கம். இழுவிசையைப் பங்கிடும் நடு டிஃபரன்ஷியலையும் வாங்கி, முன்னுக்கு 50, பின்னுக்கு 50 என்று வைத்திருந்தான். கேட்டால், "நாலு சக்கரமும் சமமா இழுத்தா நல்லதுதானே மாமா?"

நல்லதுதான், நேர் ரோட்டில். வளைவில் என்ன ஆகிறது? டயரின் பிடிப்பை மாதச் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகைக்குக் கொடுத்ததை மளிகைக்குக் கொடுக்க முடியாது. முன்டயருக்கு ஏற்கெனவே இரண்டு செலவு: பிரேக் பிடிப்பது, திரும்புவது. பாதி இழுவிசையையும் அதன் தலையில் கட்டினால் திரும்புவதற்கு மிச்சமில்லை. ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் மூக்கு வெளிப்பக்கமாகவே போகும். இதற்கு அண்டர்ஸ்டியர் என்று பெயர். (என் மாணவர்கள் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு திருத்தம்: சம்பளக் கணக்கு நேர்க்கூட்டல், டயரின் கணக்கு வட்டம். 'பிடிப்பு வட்டம்' படத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள்.)

சுசூகாவை அறியாதவர்களுக்காக: ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டுப் போட்டுக் காட்டுவோமே, அந்த எட்டை 5.807 கிலோமீட்டருக்கு இழுத்துப் பாருங்கள். ஒரு பாதை இன்னொன்றின் மேல் பாலமாகக் கடந்து போகும். அதில் ஸ்பூன் என்று ஒரு வளைவு. இடப்பக்கம், நீளமானது, முடிந்துவிட்டது என்று நினைத்தால் மறுபடி வளையும். நோயைக் கண்டுபிடிக்க அதைப்போல் ஆய்வகம் கிடையாது. வெளிப்பக்கத்து வலது முன்டயர் அங்கே கதறும். உண்மையாகவே காதில் விழும். திரையைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு பையனை ஓட்டச் சொல்லிக் கேட்டேன். நடு வளைவில் ஆக்ஸிலேட்டர் மிதித்த அந்த நொடியில் கீச்சல் ஒரு சுருதி ஏறியது. வைத்தியம் பாதி அங்கேயே முடிந்துவிட்டது. திரும்புவதற்கு வைத்திருந்த காசை இழுப்பதற்குச் செலவழிக்கிறது முன்டயர்.

முதல் வேலையாக 50-50-ஐ 25-75 ஆக்கினோம். அடுத்த சுற்றிலேயே மூக்கு திரும்பியது. ஆனால் ஹேர்பின் வளைவிலிருந்து வெளியேறும்போது வால் வீசி, வண்டி புல்லில் போய் நின்றது. அவ்வளவு சக்தியைப் பின்டயர் இரண்டும் தாங்கவில்லை. 30-70-ல் நிறுத்தினோம். நிசான் பொறியாளர்கள் 1989-ல் கிளட்ச் வைத்து நொடிக்கு நொடி செய்ததை, நாங்கள் ஒரு நிலையான எண்ணால் செய்யப் பார்க்கிறோம். சமரசம் இல்லாமல் முடியாது.

அடுத்தது முன்பக்க டிஃபரன்ஷியல். இதைத்தான் பலர் தொடுவதே இல்லை. வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்சக்கரம் குறைவாக. அந்த வித்தியாசத்தை அனுமதிப்பதற்குத்தான் டிஃபரன்ஷியலே இருக்கிறது. லிமிடெட் ஸ்லிப் வகை அந்த வித்தியாசத்துக்கு ஒரு கடிவாளம் போடும். பின்னால் அந்தக் கடிவாளம் வேண்டும், இல்லாவிட்டால் உள்சக்கரம் சும்மா சுற்றி சக்தி வீணாகும். முன்னால் அதே கடிவாளத்தை இறுக்கினால் இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றப் பார்க்கும், அதாவது வண்டியை நேராக்கப் பார்க்கும். நீங்கள் திரும்பச் சொல்கிறீர்கள், அது நேரே போகலாம் என்கிறது. ஆக்ஸிலேட்டர் மிதிக்கும்போது எவ்வளவு இறுக வேண்டும் என்று விளையாட்டில் ஓர் எண் உண்டு. முன்னால் அதை 10-க்கு இறக்கினோம், பின்னால் 30-ல் விட்டோம். ஸ்பூனில் கீச்சல் சுருதி இறங்கியது.

மூன்றாவது ஆன்டி ரோல் பார். நான் வகுப்பில் 'வண்டி சாய்வதைத் தடுக்கும் கம்பி' என்று ஒரே வரியில் தாண்டிப்போவேன். அதற்கு வெட்கப்பட வேண்டும். விஷயம் இதுதான். டயர்மேல் பாரத்தை இரண்டு மடங்காக்கினால் பிடிப்பு இரண்டு மடங்கு ஆவதில்லை, அதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் ஏறும். வளைவில் உள்பக்க டயரிலிருந்து வெளிப்பக்க டயருக்குப் பாரம் கைமாறும்போது, நடுவில் தரகர் கமிஷன் எடுத்துக்கொள்வதுபோல் மொத்தப் பிடிப்பில் ஒரு பங்கு காணாமல் போகிறது. முன்பின் இரண்டில் எந்தப் பக்கத்துக் கம்பி முறுக்காக இருக்கிறதோ, அந்தப் பக்கம் கைமாற்றமும் அதிகம், கமிஷனும் அதிகம். நம் வண்டிக்கு முன்னால்தானே பஞ்சம்? அப்படியானால் முன்கம்பியைத் தளர்த்தி, பின்கம்பியை முறுக்க வேண்டும். முன்னால் 3, பின்னால் 6 வைத்தோம். சுசூகாவின் ஆரம்பத்தில் இடம், வலம், இடம் என்று அலையலையாக வரும் வளைவுகள் உண்டு. அதுவரை ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதித்துக்கொண்டிருந்த வண்டி, அன்றைக்குத்தான் கூப்பிட்டதும் வந்தது.

அலைன்மென்ட் பற்றி ஒரு வார்த்தை. நம் காரை அலைன்மென்ட் கடையில் விட்டால் டயர் சீராகத் தேய வேண்டும், ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கக் கூடாது, அவ்வளவுதான். பந்தயத்தில் டயர் தேய்வது இரண்டாம்பட்சம். வளைவில் வண்டி சாயும்போது வெளிப்பக்க டயரின் முழு அகலமும் தரையில் உட்கார வேண்டும் என்பதற்காக, நிற்கும்போதே டயரின் தலையை உள்பக்கம் சாய்த்து வைப்பார்கள். முன்னால் 2 டிகிரிக்குப் பக்கம் போனோம். 4 வைத்துப் பார்க்கலாம் என்றான் பையன். வைத்தோம். நேராக ஓடும்போது டயர் ஒரு விளிம்பில்தான் நின்றது, பிரேக் பிடித்தால் நிற்க மாட்டேன் என்றது. திரும்ப 2. பின்டயர்களைத் துளி உள்நோக்கித் திருப்பினோம், வால் அடங்கியது.

இதெல்லாம் ஒரே நாளில் நடந்ததாக நினைக்க வேண்டாம். நாலு ஞாயிறு ஆனது. ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், மூன்று சுற்று ஓட்ட வேண்டும், நோட்டில் எழுத வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தேன். பையனுக்கு அது சிறை. நான் ஊருக்குப் போயிருந்த ஒரு வாரத்தில், நண்பன் வைத்திருந்த எண்களையெல்லாம் அப்படியே தன் வண்டியில் ஏற்றிவிட்டான். நண்பன் ஓட்டியது பந்தய டயரில், இவன் வண்டியில் இருந்தது அதைவிடப் பிடிப்பு குறைந்த ஸ்போர்ட்ஸ் டயர். அந்தப் பிடிப்புக்குக் கட்டிய ஸ்பிரிங் இந்தப் பிடிப்புக்குப் பாறாங்கல். வண்டி சின்ன மேட்டில்கூடத் தத்தியது. "ஏண்டா வேகம் குறைஞ்சுது?" என்று கேட்டதற்குப் பதில் இல்லை, இருபது எண்களை ஒன்றாக மாற்றியவனுக்கு எது குற்றவாளி என்று எப்படித் தெரியும்?

பெரிய டர்போவையும் கழற்ற வைத்தேன். இந்த விளையாட்டில் ஒவ்வொரு வண்டிக்கும் பிபி என்று ஒரு திறன் மதிப்பு உண்டு. 600-க்குள் இருக்க வேண்டும் என்று ஒரு பந்தயம் சொன்னால், அந்த 600-ஐ எதில் செலவழிப்பது என்பது உங்கள் பாடு. சக்தியில் கொட்டினால் டயருக்கும் எடைக் குறைப்புக்கும் மிஞ்சாது. டர்போவைக் கழற்றி எடையைக் குறைத்த வண்டி, நேர்ப்பாதையில் தோற்று, சுற்று நேரத்தில் ஜெயித்தது. பையன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

விளையாட்டு விளையாட்டுதான், நிஜம் வேறு என்பார்கள். 2007-ல் வந்த நிசான் ஜிடி-ஆர், அதாவது ஆர் 35-ல், ஓட்டுநருக்கு விவரம் காட்டும் திரையை வடிவமைத்ததே இந்த விளையாட்டை உருவாக்கிய பாலிஃபோனி டிஜிட்டல் நிறுவனம்தான். 2008-ல் அவர்களும் நிசானும் சேர்ந்து நடத்திய தேர்வில் ஜெயித்த ஸ்பெயின்காரர் லூகாஸ் ஓர்டோனெஸ், பிறகு பிரான்சின் லே மான்ஸ் 24 மணி நேரக் கார் பந்தயத்திலேயே ஓடினார். ஆனாலும் சோபாவில் உட்கார்ந்திருப்பவனின் முதுகுக்கு எதுவும் தெரியாது. நிஜ வண்டியில் வால் வழுக்குவதை இடுப்புதான் முதலில் சொல்லும். இங்கே அது கிடையாது. அதனால்தான் காதைத் தீட்டச் சொல்கிறேன்.

நிலையத்தார் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். கியர் விகிதம் பற்றிப் பேசாமலே போகிறேன். மழைக்கு மட்டும் ஒன்று: சுசூகாவில் மழை பிடித்தால் 30-70-ஐ 40-60 ஆக்குங்கள், பின்கம்பியை இரண்டு எண் தளர்த்துங்கள். ஈரத்தில் மூக்கு கொஞ்சம் முரண்டு பிடிக்கும்தான், வால் வீசுவதற்கு அது தேவலாம். போன வாரம் பையன் அப்படி ஓட்டியபோது ஸ்பூனில் டயர் கத்தவே இல்லை. தண்ணீர்ச் சத்தம்தான் கேட்டது. வணக்கம்.