காகிதத்தில் ஓடும் நிரல்

நடுவர் அவர்களுக்கும், எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களுக்கும், அவையோருக்கும் என் வணக்கம்.

"பருவ இறுதியில் ஒரு கணினி அறிவியல் மாணவருக்குப் பெரிதும் கற்றுத் தருவது செயல்திட்டமா, எழுத்துத் தேர்வா?" என்பது இன்றைய தலைப்பு. எழுத்துத் தேர்வே என்று வாதாட வந்திருக்கும் எனக்குக் கைதட்டல் குறைவாகவே கிடைக்கும் என்பதை அறிந்துதான் மேடை ஏறியிருக்கிறேன். தேர்வு அட்டவணை ஒட்டப்பட்ட நாளில் கைதட்டிய மாணவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

எனக்கு முன்னர் பேசிய எதிரணித் தலைவர், பருவத்தின் கடைசி இரண்டு வாரங்களை மிக அழகாக வருணித்தார். நள்ளிரவு தாண்டியும் அணையாத மடிக்கணினித் திரைகள், ஒரே மின்செருகிக்கு நடக்கும் போட்டி, காலை ஒன்பது மணிக்கு முடியப்போகும் கெடு, நாற்காலியிலேயே உறங்கிப்போன நண்பன், விடியும் நேரத்தில் நிரல் ஓடியதும் எழுந்த ஆரவாரம் என்று அவர் அடுக்கியபோது அவையே நெகிழ்ந்தது. அவர் சொன்னதில் ஒரு சொல்லையும் நான் மறுக்கவில்லை. அந்த அறைகளில் நானும் இருந்தவன்தான். ஆனால் நடுவர் அவர்களே, அவர் நிரல் ஓடிய கதையைச் சொன்னாரே தவிர, அந்த இரவில் யார் எதைக் கற்றார் என்பதைச் சொல்லாமலேயே போய் அமர்ந்துவிட்டார்.

அவர் விட்ட இடத்தை நான் நிரப்புகிறேன். அந்த இரவுகளில் என்ன நடக்கிறது? திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு பிழைச்செய்தி வருகிறது. அதைப் படிப்பதற்கு முன்பே நகலெடுத்துத் தேடுபொறியில் ஒட்டுகிறோம். முதலில் கிடைக்கும் விடையை எடுத்து வந்து நிரலில் பொருத்துகிறோம். பொருந்தாவிட்டால் இரண்டாவது விடை. 'சிறியது' என்று இருந்த குறியைச் 'சிறியது அல்லது சமம்' என்று மாற்றுகிறோம், ஓட்டுகிறோம், ஒன்றைக் கூட்டுகிறோம், ஓட்டுகிறோம், ஒன்றைக் கழிக்கிறோம், ஓட்டுகிறோம். எப்படியோ ஒருமுறை சரியான விடை வந்துவிட்டால், "ஓடுகிறது, இனி யாரும் தொடாதீர்கள்" என்ற கட்டளை பிறக்கிறது. தாம் எழுதிய நிரலைத் தாமே தொட அஞ்சும் நிலையைக் கற்றல் என்று எப்படி அழைப்பது? கோப்புகளின் பெயர்களைப் பாருங்கள்: 'இறுதி', 'இறுதி 2', 'உண்மையான இறுதி'. மாற்றங்களை ஒழுங்காகப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவி 2005 ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அதைப் பயன்படுத்தும் குழுக்களிலும் கடைசி வாரத்துப் பதிவுக் குறிப்புகள் இந்தப் பெயர்களைப் போலத்தான் இருக்கும்.

குழுவாக வேலை செய்யக் கற்கிறோம் என்றார்கள். நால்வர் குழுவில் ஒருவர் நிரல் எழுதுவார், ஒருவர் அறிக்கை தட்டச்சு செய்வார், ஒருவர் விளக்கப் படங்களை வண்ணமயமாக்குவார், நான்காமவர் மற்ற மூவரையும் ஊக்குவிப்பார். ஊக்குவிப்பதும் ஒரு திறமைதான், ஆனால் அது கணினி அறிவியலில் சேராது.

இனி, என் சொந்த அனுபவம் ஒன்றை அவையின் முன் வைக்கிறேன். என் மூன்றாம் ஆண்டில், இடங்களுக்கு இடையே மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடிக்கும் ஒரு நிரலை எங்கள் குழு ஜாவா மொழியில் எழுதியது. அதற்காகக் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா வகுத்த அல்காரிதத்தில், அதாவது படிப்படியான வழிமுறையில், இன்னும் சென்று சேராத இடங்களின் தூரத்தை முடிவிலி என்று வைக்க வேண்டும். கணினிக்கு முடிவிலி தெரியாது என்பதால், முழு எண் வகையில் அடங்கும் மிகப் பெரிய எண்ணாகிய 2,147,483,647 ஐ அந்த இடத்தில் வைத்தோம். ஒப்படைப்பதற்கு இரண்டு நாள் முன்பு, தமக்குள் இணைந்தும் மற்ற எதனுடனும் இணையாமலும் இருக்கும் இரண்டு இடங்களை நண்பர் ஒருவர் வரைபடத்தில் சேர்த்தார். உடனே நிரல், அவற்றில் ஓர் இடத்துக்கான தூரம் கழித்தல் 2,147,483,644 கிலோமீட்டர் என்று அறிவித்தது! அதிர்ந்துபோனோம். அன்றிரவு இரண்டு மணிக்கு நான் கண்டுபிடித்த மருந்து என்ன தெரியுமா? "விடை சுழியத்துக்குக் கீழே இருந்தால் 'வழி இல்லை' என்று காட்டு" என்ற ஒரே ஒரு வரி. செயல்விளக்கம் சிறப்பாக நடந்தது, முழு மதிப்பெண் கிடைத்தது, ஏன் அந்த எண் வந்தது என்று எங்களை யாரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த சில நாட்களில் எழுத்துத் தேர்வு வந்தது. அதே அல்காரிதத்துக்கு அட்டவணை போடச் சொன்ன ஒரு வினா. அதிலும் தமக்குள் இணைந்தும் மற்ற எதனுடனும் சேராமலும் இருக்கும் இரண்டு புள்ளிகள். வரிசை வரிசையாகத் தூரங்களை எழுதிக்கொண்டே வந்தவன், முடிவிலி என்று இருந்த ஒரு கட்டத்திலிருந்து அதன் அண்டைப் புள்ளிக்குப் போக 5 ஐக் கூட்ட வேண்டிய இடத்தில் பேனாவை நிறுத்தினேன். முடிவிலியோடு ஐந்தைக் கூட்டினாலும் முடிவிலிதானே? அது ஒருபுறம் இருக்க, நான் இன்னும் சென்று சேராத ஓர் இடத்திலிருந்து எப்படிப் புறப்பட முடியும்? அந்தக் கணத்தில்தான் எங்கள் நிரல் செய்த கூத்து விளங்கியது. ஐந்து இலக்க ஓட்டமானி 99,999 ஐத் தாண்டியதும் சுழியத்துக்குத் திரும்புவதைப் போல, மிகப் பெரிய எண்ணோடு ஐந்தைக் கூட்டியதும் அது மறுமுனைக்குச் சுழன்று எதிர்ம எண்ணாகிவிட்டது. எஞ்சியவற்றில் மிகக் குறைந்த தூரமே முடிவிலியாக இருந்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும் என்ற நிபந்தனையை நாங்கள் எழுதவே இல்லை. செயல்திட்டம் எனக்கு நோயை மறைக்கக் கற்றுக்கொடுத்தது. நோய் இன்னதென்று சொன்னது விடைத்தாள்தான்.

இது ஒருவனுக்கு நேர்ந்த தற்செயல் என்று எதிரணி சொல்லக்கூடும். ஆகவே, இயங்குதளம் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் தேர்வுக்கு முந்தைய இரவில் சந்திக்கும் ஒரு கணக்கைச் சொல்கிறேன். நிரலுக்கு வேண்டியவை 'பக்கம்' எனப்படும் துண்டுகளாகக் கணினியின் நினைவகத்தில் ஏற்றப்படுகின்றன. அங்கே இடம் நிறைந்துவிட்டால் எந்தப் பக்கத்தை வெளியேற்றுவது என்பதற்கு, முதலில் வந்தது முதலில் வெளியேறட்டும் என்பது மிக எளிய விதி. 1, 2, 3, 4, 1, 2, 5, 1, 2, 3, 4, 5 என்ற வரிசையில் பக்கங்கள் கேட்கப்படுகின்றன. நினைவகத்தில் மூன்று சட்டங்கள், அதாவது ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் மட்டுமே அடங்கும் மூன்று இடங்கள், இருந்தால், கேட்ட பக்கம் உள்ளே இல்லாமல் போவது 9 முறை. நான்கு சட்டங்கள் தந்தால் குறைய வேண்டும் அல்லவா? தாளில் போட்டுப் பார்க்கும் மாணவருக்கு 10 என்று விடை வருகிறது. தாம்தான் தவறு செய்துவிட்டோம் என்று அழித்துவிட்டு மறுபடி போடுகிறார், மறுபடியும் 10.

மூன்றாம் முறை நிதானமாகப் போடும்போது அவர் அட்டவணையின் ஏழாவது நெடுவரிசையைக் கவனிக்கிறார். நான்கு சட்டங்களில் 1, 2, 3, 4 ஆகியவை அப்படியே இருக்கின்றன. 1, 2 ஆகிய இரண்டும் சற்று முன்புதான் மீண்டும் பயன்பட்டன. ஆனால் இந்த விதி வந்த நேரத்தை மட்டுமே பார்க்கும், பயன்பட்டதைப் பார்க்காது. 5 உள்ளே வரும்போது மூத்தது என்ற காரணத்தால் 1 வெளியேற்றப்படுகிறது. அடுத்த கணமே 1 கேட்கப்படுகிறது. அதற்காக 2 வெளியேறுகிறது. உடனே 2 கேட்கப்படுகிறது. கடைசி வரையில், அப்போதுதான் வெளியே அனுப்பிய பக்கத்தையே அடுத்து அழைக்க வேண்டியிருக்கிறது. மூன்று சட்டங்கள் மட்டுமே இருந்தபோதோ, 1 உம் 2 உம் ஏற்கெனவே ஒருமுறை வெளியேறிப் புதிதாக உள்ளே வந்திருந்ததால் தப்பித்துக்கொண்டன. 1969 ஆம் ஆண்டு பெலாடியும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட இந்த முரணை, மாணவர் ஒருவர் பென்சிலும் அழிப்பானும் கொண்டு தாமே மறுபடி கண்டுபிடிக்கிறார். இதையே செயல்திட்டமாகச் செய்திருந்தால், 9 என்றும் 10 என்றும் திரையில் வந்ததைப் பார்த்து, நிரலில் பிழை என்று முடிவுகட்டி, 10 ஐ 8 ஆக்கும் வரை ஏதேனும் ஒரு வரியைத் திருத்திக்கொண்டிருப்போம். நான் திருத்தியிருப்பேன் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன்.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்று எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் முழங்கினார். பழமொழி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கணினித் துறையில் சுரைக்காயே ஏட்டில்தான் முதலில் காய்த்தது. பெர்னூலி எண்களைக் கணக்கிடும் வழிமுறையைக் கணித அறிஞர் அடா லவ்லேஸ் 1843 இல் அச்சிட்டபோது, அதை இயக்க வேண்டிய, சார்லஸ் பாபேஜ் திட்டமிட்ட பகுப்பாய்வுப் பொறி என்ற கணக்கிடும் இயந்திரம் கட்டி முடிக்கப்படவில்லை. கடைசி வரை முடிக்கப்படவும் இல்லை. கணினி அறிவியலின் முன்னோடி ஆலன் டூரிங் 1936 இல் தம் கருத்தியல் இயந்திரத்தை விவரிக்க எடுத்துக்கொண்ட உவமை, கட்டம் போட்ட தாளில் கணக்குப் போடும் ஒரு மனிதர். கம்ப்யூட்டர் என்ற சொல்லே அந்நாளில் அப்படிப்பட்ட மனிதரைத்தான் குறித்தது. அதே டூரிங், தாம் வகுத்த சதுரங்க நிரலை ஓட்டப் பொறி கிடைக்காத நிலையில், 1952 இல் தாமே பொறியாக அமர்ந்து, ஒவ்வொரு நகர்வையும் தாளில் கணக்கிட்டு அலிக் கிளென்னி என்பவரோடு ஆடினார். தோற்றுப்போனார் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குழுவைப் படுத்திய குறுகிய வழி அல்காரிதத்தை டைக்ஸ்ட்ரா 1956 இல் ஆம்ஸ்டர்டாமின் ஓர் உணவகத் திண்ணையில் அமர்ந்து இருபதே நிமிடங்களில் வகுத்தார் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அப்போது அவரிடம் பேனாவும் தாளும்கூட இல்லை. "அப்படியானால் விடைத்தாளும் வேண்டாமே" என்று எதிரணி நண்பர் சிரிக்கிறார். நியாயமான சிரிப்புதான், அவரளவுக்குத் தலைக்குள்ளேயே ஓட்டிப் பார்க்க முடிந்தவர்களுக்கு விடைத்தாள் வேண்டாம். எனக்கு வேண்டும்.

1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டு மார்க் 2 கணினியில் சிக்கி அதன் இயக்கத்தைக் கெடுத்த விட்டில்பூச்சியையும் எதிரணியினர் விடவில்லை. பிழை திருத்தம் என்பது இயந்திரத்தின் அருகில் நின்று கற்பது என்பதற்கு அதைச் சான்றாகக் காட்டினார்கள். அந்தப் பூச்சி இன்று எங்கே இருக்கிறது? பொறியியலாளர்கள் அன்றாடம் குறிப்பெழுதிவந்த ஏட்டில், நேரத்தோடு பதிந்து ஒட்டப்பட்டு இருக்கிறது. அதுவும் எங்கள் அணியின் சான்றுதான், நடுவர் அவர்களே!

தேர்வில் குறையே இல்லை என்று நான் வாதிடவில்லை. வரையறைகளை மனப்பாடமாக ஒப்பிக்கச் சொல்லும் வினாத்தாள்கள் உண்டு. அரைப்புள்ளி விட்டதற்கு மதிப்பெண் குறைக்கும் கைகளும் உண்டு. அவை மோசமாக அமைக்கப்பட்ட தேர்வுகள். ஆனால் ஒப்படைக்கும் கெடுவுக்கு முந்தைய இரவு 2022 நவம்பருக்குப் பிறகு எப்படி மாறிவிட்டது என்பதை எதிரணி பேசவே இல்லை. சாட்ஜிபிடி வந்த பின், கேட்டதும் முழு நிரலும் கிடைக்கிறது, ஓடவும் செய்கிறது, அதற்கான அறிக்கையும் சேர்ந்தே கிடைக்கிறது. செயல்திட்டத்தில் கற்றல் நிகழலாம். நிகழாமலே முழு மதிப்பெண்ணும் பெறலாம். நினைவகத்தின் நான்கு சட்டங்களைத் தாளில் வரைந்து நிரப்பும் இருக்கையிலோ, மாணவரும் அவருடைய ஐயமும் மட்டுமே இருக்கிறார்கள்.

மணி அடிக்கும் ஓசை கேட்கிறது. அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒரே ஒரு விண்ணப்பம். இதோ, இந்த மேசையில் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் வைத்துவிட்டுப் போகிறேன். தம் குழு கடைசியாக ஒப்படைத்த நிரலிலிருந்து தாமே எழுதிய ஏதேனும் ஒரு சுழற்சியை, அதாவது திரும்பத் திரும்ப இயங்கும் பகுதியை, அதில் எழுதி, மூன்று சுற்றுகள் ஓட்டிக் காட்டிவிட்டு, அவர் தம் வாதத்தைத் தொடங்கட்டும்.