கேசட்டுல போன குரலு, போன்ல போற குரலு

எல்லாருக்கும் வணக்கம். மார்த்தாண்டத்துல ரொம்ப வருஷம் எஸ்டிடி ஐஎஸ்டி பூத் வச்சிருந்தவன் நான், இப்ப அதே கடையில மொபைல் ரீசார்ஜும் சர்வீசும் பண்ணுதேன். வெளிநாட்டுக்கு போறவங்க வீட்டோட பேசிக்கிடுறது எப்படியெல்லாம் மாறிச்சுன்னு சொல்லணும்னு கூப்பிட்டிருக்காவ. களியக்காவிளையில இருந்து குளச்சல் வரைக்கும் கல்ஃபுக்கு ஆள் போகாத தெருவ தேடித்தான் பிடிக்கணும், வேன் பிடிச்சு திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு வழியனுப்ப போகாத ஆளு கேக்குறவங்கள்ல ரொம்ப கொஞ்சம்தான் இருப்பாவ.

இன்டர்நெட் வந்ததுல பெரிய காரியம் எதுன்னு கேட்டா எல்லாரும் வீடியோ கால்னு சொல்லுவாவ. முகத்த பாத்து பேசுறோம்லா, அத நான் குறைச்சு சொல்லல. ஆனா நம்ம வீடுகள உண்மையிலயே மாத்துனது வாய்ஸ் மெசேஜ்தான், அந்த மைக்க அமுக்கி பிடிச்சு பேசி விடுறோமே அது. இத நான் கடைக்கு வர்ற எல்லார்கிட்டயும் சொல்லுவேன், இங்கயும் சொல்லுதேன்.

ஏன்னா இது நமக்கு புதுசு இல்ல. எண்பதுகள்ல கேசட்டுல பேசி அனுப்புனது வயசானவங்களுக்கு ஞாபகம் இருக்கும். டேப் ரெக்கார்டர நடு வீட்டுல வச்சு சிவப்பு பட்டனையும் பிளே பட்டனையும் சேத்து அமுக்கணும், சுத்தி எல்லாரும் உக்காந்திருப்பாவ. அம்மா கடுதாசி எழுதுற மாதிரியே "அன்புள்ள மகனுக்கு, இங்க எல்லாரும் சுகம்"னு ஆரம்பிச்சு அதுக்கு மேல வார்த்த வராம நின்னுருவாவ, உடனே சித்தி மைக்க பிடிச்சிக்கிடுவாவ, பிள்ளைய பிடிச்சு ஒரு பாட்டு பாட சொல்லுவாவ, இடையில கோழி கூவுறதும் ஓட்டு மேல மழை விழுறதும் எல்லாம் பதிவாகும், பாதி பேச்சுல ஒரு பக்கம் முடிஞ்சு டக்குன்னு நிக்கும், திருப்பி போடணும். அப்புறம் லீவு முடிஞ்சு திரும்பி போற ஆள கண்டுபிடிச்சு சிப்சோட ஊறுகாயோட கொடுத்து விடணும். "காய்ச்சல் எப்படி இருக்கு"ன்னு அவன் கேட்டு பதில் கேசட் வர்றதுக்குள்ள இங்க காய்ச்சல் வந்த பிள்ள பள்ளிக்கூடம் போயிருக்கும்.

பிறவு பூத் வந்திச்சு. எங்க கூண்டுக்குள்ள சிவப்பு எழுத்துல காசு ஓடும், ஒரு நிமிஷத்துக்கு ஒரு நாள் கூலி கிட்ட போயிரும். சவுதியில தம்மாம்ல மகன் வேலை பாத்த ஒரு அம்மா வெள்ளிக்கிழமைதோறும் வருவாவ, அங்க அன்னைக்குத்தான லீவு. அந்த மீட்டர பாத்தா பேச்சு வரமாட்டேங்குதுன்னு சுவரப் பாத்து திரும்பி நின்னுக்கிட்டு பேசுவாவ, வெளிய அவங்க வீட்டுக்காரரு கண்ணாடிய தட்டிக்கிட்டே நிப்பாரு. "சாப்பிட்டியா மக்களே, தூங்குனியா மக்களே", அவ்வளவுதான், வச்சிருவாவ. வெளிய வந்து பில்ல வாங்கும்போதுதான், ஐயோ மகளுக்கு மாப்பிள்ள வந்திருக்கத சொல்லலியேன்னு தலையில கைய வைப்பாவ. சொல்ல வந்தத சொல்லாமலே போன ஆட்கள நான் அந்த கூண்டுல நிறைய பாத்திருக்கேன்.

இந்தியாவுல 1995 ஆகஸ்ட் 15ல இன்டர்நெட் பொதுமக்களுக்கு வந்திச்சு, நம்ம பக்கம் பிரவுசிங் சென்டர் வர இன்னும் நாளாச்சு, ஹெட்போன மாட்டிக்கிட்டு ஸ்கைப்ல பேசுனோம், அது ஒரு காலம். 2013ல வாட்ஸ்அப்புல வாய்ஸ் மெசேஜ் வந்திச்சு, 2016ல ஜியோ வந்து டேட்டா விலை இறங்குன பிறவுதான் அது அம்மாக்க கைக்கு வந்திச்சு. வெளிநாட்டுல இருக்கவனுக்கு மட்டும் நெட் இருந்தா போதாதுல்லா, இங்கயும் இருக்கணும்.

கால் பண்ணணும்னா ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சும்மா இருக்கணும். சவுதி நமக்கு ரெண்டரை மணி நேரம் பின்னால, அவனுக்கு நைட் டியூட்டி வேற. துபாய், அபுதாபியில வாட்ஸ்அப் காலே போகாது, அரசாங்கம் அனுமதிச்ச பாட்டிம் மாதிரி ஆப்புலதான் பேசணும், ஆனா வாய்ஸ் மெசேஜ் தாராளமா போகும். சவுதியில இன்டர்நெட் கால திறந்து விட்டதே 2017லதான். எழுத படிக்க தெரியாத அம்மா கூட சமையல் பண்ணிக்கிட்டே நாலு நிமிஷம் பேசி விடுதாவ, மீட்டர் கிடையாது, மறந்தத அடுத்த மெசேஜ்ல சொல்லலாம், அவன் பஸ்ல போகும்போது ரெண்டு தடவ கேப்பான்.

கப்பல் வேலைக்கு போற பிள்ளைகள பத்தி நிறைய சொல்லணும்னு வந்தேன், நேரமாச்சுன்னு கைய காட்டுதாவ. 2024 டிசம்பர்ல இருந்து, முடிஞ்ச வரைக்கும் கப்பல்ல இன்டர்நெட் கொடுக்கணும், காசு வாங்குனா நியாயமா வாங்கணும்னு சர்வதேச விதி இருக்கு, கம்பெனியில கேட்டு வாங்குங்க.

கடைசியா, புதுசா போறவங்களுக்கு ரெண்டு மூணு காரியம். இங்க உள்ள சிம்ம தூக்கி போட்டுராதீங்க, பேங்க் ஓடிபி அதுக்குத்தான் வரும், ஏறுறதுக்கு முன்னாலயே ரோமிங் ஆன் பண்ணி, டேட்டா ரோமிங்க மட்டும் ஆஃப் பண்ணிருங்க. அங்க போய் லோக்கல் சிம்மோ, கார்டு இல்லாம போனுக்குள்ளயே பதியிற இசிம்மோ போட்டாலும் வாட்ஸ்அப்ல பழைய நம்பரே இருக்கட்டும். வீட்டு நம்பர ஒரு பேப்பர்ல எழுதி பாஸ்போர்ட்டுக்குள்ள வைங்க, போன் சார்ஜ் போச்சுன்னா உதவும். வணக்கம்.