பேரரசு உடைந்தது ரொட்டி வரிசையில்

அனைவருக்கும் வணக்கம்.

பல இனங்களைச் சேர்த்து ஆண்ட பேரரசுகள் போர் முடிந்ததும் ஏன் சிதறுகின்றன? 'ஒட்டாதவர்களை ஒட்டவைத்தார்கள், பிய்ந்துபோயிற்று' என்று சட்டெனச் சொல்லிவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆஸ்திரியா-ஹங்கேரியைப் பாருங்கள்.

1914-இல் அங்கே ஐந்து கோடிக்கும் அதிகமான மக்கள். ஜெர்மானியர், ஹங்கேரியர், செக்குகள், போலந்துக்காரர், உக்ரேனியர், ருமேனியர், குரோவேசியர், இன்னும் பலர். ராணுவத்தில் கட்டளைச் சொற்கள் ஜெர்மனில் இருக்கும். மற்றபடி சிப்பாய்களின் மொழியை அதிகாரிதான் கற்றுக்கொள்ள வேண்டும். அந்தப் படை முதல் உலகப் போரில் நான்கு ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. மனக்குறைகள் நிறைய இருந்தன. ஆனால் போருக்கு முன் பெரும்பாலான செக் தலைவர்கள் கேட்டது பேரரசுக்குள் உரிமைதான், தனிநாடு அல்ல.

அப்புறம் என்ன ஆயிற்று? சோற்றுக்குப் பஞ்சம் வந்தது. எதிரணியான நேச நாடுகள் கடல் வழியை அடைத்தன. பேரரசின் வடகிழக்கில் தானியம் விளைந்த கலீசியா போர்க்களமானது. ஹங்கேரியில் விளைச்சல் இருந்தும், ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா கேட்ட அளவுக்குத் தர ஹங்கேரியத் தலைநகர் புடாபெஸ்ட் மறுத்தது. ஒரே அரசர், ஒரே ராணுவம், ஆனால் மாவு மட்டும் வேறு வேறு! 1918 ஜனவரியில் மாவுப் பங்கீட்டைக் குறைத்ததும் லட்சக்கணக்கான தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள்.

விடியலில் வரிசையில் நின்ற தாய் வெறுங்கையோடு திரும்பும்போது, 'என் பிள்ளையின் பங்கை யார் எடுத்தது?' என்றுதான் கேட்பாள். வியன்னா ஹங்கேரியைக் கைகாட்டியது. செக்குகள் வியன்னாவைக் கைகாட்டினார்கள். கலீசியாவிலிருந்து ஓடிவந்த யூத அகதிகள்மீது, பாவம், எல்லோரும் பாய்ந்தார்கள். பழைய மனக்குறைகளுக்குப் பசி புதிய பல்லைக் கொடுத்தது.

போர்முனையிலும் தோல்வி நெருங்கியது. 1918 அக்டோபர் 16 அன்று பேரரசர் கார்ல், ஆஸ்திரியப் பகுதியைக் கூட்டாட்சியாக்குவதாக அறிவித்தார். யாரும் காத்திருக்கவில்லை. அக்டோபர் 28 காலை, செக் நகரான பிராகில் செக் தேசியக் குழுவின் அன்டோனின் ஷ்வெஹ்லாவும் ஃபிரான்டிஷெக் சௌகுப்பும் முதலில் எங்கே போனார்கள் தெரியுமா? கோட்டைக்கு அல்ல, தானியப் பங்கீட்டு அலுவலகத்துக்கு! ஊழியர்களைப் புதிய அரசுக்கு உறுதிமொழி எடுக்கவைத்தார்கள். தானியம் யார் கையிலோ, அரசும் அவர் கையில் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சரி, பிறந்த நாடுகள் ஒரே இனத்தவை ஆயினவா? இல்லை. செக்குகளும் ஸ்லோவாக்குகளும் சேர்ந்த புதிய நாடான செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் சுமார் 30 லட்சம் ஜெர்மானியர்கள். ஹங்கேரியின் புதிய எல்லைகளை வகுத்த 1920-இன் டிரியானோன் ஒப்பந்தம் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட ஹங்கேரியரை எல்லைக்கு வெளியே நிறுத்தியது.

பழைய பேரரசின் நோட்டில் பணமதிப்பு பல மொழிகளில் அச்சாகியிருக்கும். 1919-இல் செக்கோஸ்லோவாக்கியா எல்லைகளை மூடிவிட்டு, அதே நோட்டுகளின்மேல் தன் முத்திரை வில்லையை ஒட்டிச் செலவுக்கு விட்டது.