வருகிற ஆண்டுக்கு ஒரு வாசிப்புக் கணக்கு

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

டிசம்பர் கடைசி வாரம் வந்தால் வாசகர் வட்டங்களில் ஒரு கேள்வி சுற்றத் தொடங்கிவிடும். “அடுத்த வருஷம் எத்தனை புத்தகம்?” ஒருவர் ஐம்பது என்பார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் விடுவாரா, நூறு என்பார். இந்த ஏலத்தில் நீங்கள் கை தூக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தப் பேச்சு. இலக்கு வையுங்கள். ஆனால் அதைப் புத்தக எண்ணிக்கையில் வைக்காமல் நிமிடத்தில் வையுங்கள்.

எண்ணிக்கையில் இலக்கு வைத்தவர் என்ன செய்வார்? மார்ச் மாதமே பின்தங்கிவிடுவார். பின்தங்கியதும் அலமாரியில் மெலிந்த புத்தகமாகப் பார்த்துக் கை போகும். எண்பது பக்கக் கவிதைத் தொகுப்பும் ஒன்று, ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் ‘காவல் கோட்டம்’ நாவலும் ஒன்று என்று கணக்கு எழுதினால், மதுரையில் இருந்துகொண்டே மதுரையின் கதையைச் சொல்லும் அந்த நாவலை ஒருவர் தொடவே மாட்டார். கவிதைக்காவது நியாயம் கிடைக்கிறதா? அதுவும் இல்லை. ஒரு மாலையில் புரட்டி முடித்து, பட்டியலில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்.

நிமிடக் கணக்குக்கு முதலில் உங்கள் வேகம் தெரிய வேண்டும். ஜனவரி முதல் மூன்று நாள் இதை மட்டும் செய்யுங்கள். சுமாரான நடையில் உள்ள ஒரு நாவலை எடுத்து, கைபேசியில் 20 நிமிடம் அலாரம் வைத்துப் படியுங்கள். தொடங்கிய பக்கம், நிறுத்திய பக்கம் இரண்டையும் குறியுங்கள். மூன்று நாள் சராசரிதான் உங்கள் வேகம். முதல் நாள் எண்ணை நம்பாதீர்கள். சோதனை என்று தெரிந்ததும் எல்லோரும் கொஞ்சம் ஓடித்தான் பார்ப்பார்கள். டெம்மி அளவுப் புத்தகத்தில், அதாவது நாவல்கள் வழக்கமாக வருகிற அளவில், ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். அதைவிட வேகம் குறைந்தால் வருத்தப்பட ஒன்றுமில்லை, பெருக்கலில் ஓர் எண் மாறும், அவ்வளவுதான்.

அடுத்தது நாள் கணக்கு. 365 என்று போடுகிறவர் நம் மதுரைக்காரராக இருக்க முடியாது. பொங்கலை ஒட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மூன்று நாள் வாடிவாசலே கதியாகிவிடும். சித்திரையில் கொடியேற்றம் முதல் அழகர் மலைக்குத் திரும்பும் வரை வீடு நிறைய விருந்தாளிகள். தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்கள். பிள்ளைகள் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற வீட்டில் மார்ச் மாதமே கணக்கில் வராது. தீபாவளி வாரம் சொல்ல வேண்டியதில்லை. இவற்றையெல்லாம் முன்கூட்டியே கழித்துவிட்டு 300 நாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். திருவிழாவில் படிக்கவில்லையே என்ற குற்றவுணர்ச்சி இல்லாமல் தேர் பார்க்கலாம், அதுவும் ஒரு லாபம்.

இப்போது பெருக்குங்கள். நாளுக்கு 20 நிமிடம், 300 நாள், மொத்தம் 6,000 நிமிடம். பக்கத்துக்கு 2 நிமிடம் என்றால் 3,000 பக்கம். சராசரிப் புத்தகம் 220 பக்கம் என்று கொண்டால் பதின்மூன்று புத்தகம் முடித்து, பதினான்காவதில் பாதியைத் தாண்டியிருப்பீர்கள். ஐம்பது என்று ஏலம் கேட்டவருடைய கணக்கையும் பார்ப்போம். 11,000 பக்கம், 22,000 நிமிடம், நாளுக்கு 73 நிமிடம். ஓய்வுபெற்றவருக்கு இது முடியும். காலையில் எட்டு மணிக்கு வண்டி எடுத்து இரவு எட்டுக்கு வீடு திரும்புகிறவருக்கு முடியாது. முடியாத இலக்கை வைத்துவிட்டு, ‘எனக்குப் படிக்கிற பழக்கமே போய்விட்டது’ என்று அவர் சொல்வதில் அர்த்தமில்லை. பழக்கம் அப்படியே இருக்கிறது. பிழை பெருக்கலில்.

இருபது நிமிடத்தை எங்கே வைப்பது? ஏற்கெனவே தவறாமல் நடக்கிற ஒரு காரியத்தின் வாலில் கட்டுங்கள். காலைக் காபி குடித்த கையோடு, கைபேசியைத் தொடுவதற்கு முன்னால் என்பது பலருக்கும் ஒத்துவரும். ‘ராத்திரி படுக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்பது பெரும்பாலும் தோற்கும். ராத்திரியில் வேலை செய்வது தூக்கம் மட்டும்தான். பேருந்தில் படிப்பவர்கள் இடம் பார்த்துத் திட்டமிட வேண்டும். பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து மாட்டுத்தாவணி போகிற டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கவே இரண்டு கை போதாது. மேலூருக்கோ உசிலம்பட்டிக்கோ உட்கார இடம் கிடைத்துப் போகிறவர் சிறுகதைத் தொகுப்பு வைத்துக்கொள்ளலாம். பத்துப் பன்னிரண்டு பக்கக் கதை ஒன்று இருபது இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிடும், இறங்கும்போது பாதியில் தொங்காது. செய்யுளைப் பேருந்தில் எடுக்காதீர்கள். வேகத்தடை வருகிற இடத்தில் சீர் பிரியாது.

3,000 பக்கம் கையில் இருக்கிறது. அதில் பாதியை உங்களுக்குப் பிடித்ததற்கே ஒதுக்குங்கள், அதில் வெட்கம் வேண்டாம். கால் பங்கு, இதுவரை தொடாத ஒரு துறைக்கு. நாவலே படித்தவர் மண்ணியலோ கோயில் கல்வெட்டோ பார்க்கட்டும். மிச்சக் கால் பங்கில் பெயரே எழுதாதீர்கள். ஆண்டு நடுவில் நண்பர் ஒருவர் கையில் ஒன்றைத் திணிப்பார். டிசம்பரில் சாகித்திய அகாதெமி விருது அறிவிப்பு வரும். புத்தகத் திருவிழாவில் தேடாத ஒன்று கண்ணில் படும். ஜனவரியிலேயே 3,000 பக்கத்தையும் பட்டியல் போட்டு அடைத்துவிட்டால் இவற்றுக்கெல்லாம் இடமிருக்காது. அப்புறம் பட்டியல் மீதே எரிச்சல் வரும்.

இந்தப் பக்கக் கணக்குக்கு வெளியே, கடினமான நூல் ஒன்றை ஆண்டு முழுவதும் நீட்டிப் படிக்கச் சொல்வேன். இது நமக்குப் புதிதில்லை. மார்கழியில் நாளுக்கொரு பாசுரமாகத் திருப்பாவை முப்பதையும் பாடுகிறவர்கள் ஒரு மாதத்துக்கான வாசிப்புத் திட்டத்தைத்தான் பின்பற்றுகிறார்கள். திருக்குறள் முற்றோதல் என்று ஒரே அமர்வில் 1,330 குறளையும் ஓதுகிறவர்கள் உண்டு. அதையே வாரம் மூன்று அதிகாரமாகப் பிரித்தால் 133 அதிகாரமும் 45 வாரத்தில் முடிந்துவிடும், திருவிழா வாரங்களுக்கு ஏழு வாரம் மிச்சம்.

மதுரைக்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது மதுரைக்காஞ்சி. பத்துச் சங்கப் பாடல்களின் தொகுப்பான பத்துப்பாட்டில் நீளமானது, 782 அடி. 52 வாரத்தால் வகுத்துப் பாருங்கள், வாரத்துக்கு 15 அடி, இரண்டு அடிதான் மிச்சம். செய்முறை இதுதான். ஞாயிற்றுக்கிழமை 15 அடியை உரை பார்க்காமல் இரண்டு முறை வாய்விட்டுப் படியுங்கள். தெரியாத சொற்களுக்குக் கீழே பென்சிலால் கோடு. நடு வாரத்தில் ஒரு நாள் உரையோடு. சனிக்கிழமை மறுபடி உரை இல்லாமல். மூன்றும் சேர்ந்து வாரத்துக்கு முக்கால் மணி நேரம்.

இதில் இரண்டு இடத்தில் ஆள் விழுவார்கள். ஒன்று உரை. உ.வே.சா. 1889-இல் பதிப்பித்த பத்துப்பாட்டில் நச்சினார்க்கினியர் உரை இருக்கிறது. பேருரைதான், ஆனால் அவர் ‘மாட்டு’ என்று சொல்லி எங்கோ இருக்கிற அடியை எங்கோ கொண்டுபோய்ச் சேர்த்துப் பொருள் கொள்வார். வாரம் 15 அடி படிக்கிறவருக்கு நாற்பதாவது வாரத்தில் வரவேண்டிய அடி ஐந்தாவது வாரத்தில் வந்து நிற்கும். முதல் சுற்றுக்குப் பாட்டின் வரிசையிலேயே பொருள் சொல்லும் பிற்கால உரை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். நச்சினார்க்கினியரை இரண்டாம் சுற்றுக்கு வையுங்கள், அப்போதுதான் அவர் செய்கிற வேலையின் ருசி தெரியும்.

இரண்டாவது, பொறுமை. ‘ஓங்குதிரை வியன்பரப்பின்’ என்று தொடங்கி, தலையாலங்கானத்துப் போர் வென்ற நெடுஞ்செழியனின் குலம், படை, பகைவர் நாடு பட்ட பாடு, பிறகு பாண்டிய நாட்டின் ஐந்து திணை என்று போய், முந்நூறு அடியைத் தாண்டித்தான் இதைப் பாடிய மாங்குடி மருதனார் நம்மை ஊருக்குள் விடுவார். வாரக் கணக்கில் அது மே கடைசி, ஜூன் தொடக்கம். அதற்குள் பலரும் புத்தகத்தை மூடிவிடுவார்கள். அவர்களுக்கு ஒரு குறுக்கு வழி சொல்கிறேன், புலவர்கள் யாராவது இருந்தால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். நகர வருணனையில் தொடங்குங்கள். பகல் சந்தையான நாளங்காடி, இரவுச் சந்தையான அல்லங்காடி, யாமம் யாமமாக நகரும் இரவு எல்லாம் முதலில் வரட்டும். ஊரைப் பார்த்துவிட்டு ஆண்டின் பிற்பாதியில் முதல் முந்நூறுக்குத் திரும்புங்கள். முறை கெட்டதுதான், ஆனால் முறையாகத் தொடங்கி ஏப்ரலில் விடுவதைவிட மேல்.

காப்பியம்தான் வேண்டும் என்பவருக்குச் சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டம் இருக்கிறது. 13 காதை, நான்கு வாரத்துக்கு ஒன்றாக 52 வாரம் சரியாக வரும். காதைகளின் நீளம் ஒன்றுபோல இருக்காது. காடுகாண் காதை இழுக்கும், வழக்குரை காதை சீக்கிரம் முடிந்துவிடும். நேரம் மிஞ்சினால் அடுத்த காதைக்குத் தாவாமல் அதையே இன்னொரு முறை படியுங்கள். வழக்குரை காதை வரிசையில் பத்தாவது, செப்டம்பர் நடுவில் தொடங்கும்.

மூலம் எங்கே கிடைக்கும் என்று தேட வேண்டியதில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் இவை இலவசமாக இருக்கின்றன. பேரில் மட்டும் நம் ஊர், வேலை உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களுடையது. அங்கே உள்ளது தட்டச்சு செய்த எழுத்து, கைபேசியில் பெரிதாக்கலாம். பழைய பதிப்புகளை அப்படியே படமெடுத்து ஏற்றிய மின்நூல்கள் வேறு. சின்னத் திரையில் அவற்றை இழுத்து இழுத்துப் படித்தால் கண் வலிதான் மிஞ்சும். அந்த வாரத்துக்கான பக்கத்தை மட்டும் அச்செடுத்துக்கொள்ளுங்கள்.

குறிப்பேடு அவசியம். செயலி எல்லாம் வேண்டாம், நாற்பது பக்க நோட்டு போதும். ஒரு வரிப் பதிவு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு மாதிரி: ‘மார்ச் 4. காலை 6.10–6.30. பக். 112–121. கிணற்றுத் தகராறு. தம்பி சொல்வதை நம்புவதா?’ தேதி, நேரம், பக்கம் மூன்றும் கணக்குக்கு. அந்தக் கடைசிக் கேள்வி நினைவுக்கு. பத்து நாள் இடைவெளி விழுந்தாலும் அந்தக் கேள்வியைப் பார்த்ததும் கதை திரும்ப வந்துவிடும், நாற்பது பக்கம் பின்னால் போக வேண்டியிருக்காது. ‘அருமை’, ‘நன்று’ என்று எழுதுவதால் ஒரு பயனும் இல்லை.

விட்டுப்போன நாளை என்ன செய்வது? ஒன்றும் செய்யாதீர்கள். வங்கியில் வாராக்கடனைத் தள்ளுபடி செய்வதுபோல் தள்ளிவிடுங்கள். விட்ட 15 அடியை அடுத்த வாரத்தில் சேர்த்தால் 30, அதுவும் விட்டால் 45. நான்காவது வாரம் 60 அடியைப் பார்த்ததும் நூலையே கைவிடத் தோன்றும். பெரும்பாலான திட்டங்கள் சாவது சோம்பலால் அல்ல, இந்தப் பாக்கியால்தான். அலுப்பான நாளில் 20 நிமிடம் வேண்டாம், இரண்டு பக்கம் போதும். உடம்பு சரியில்லையா, அதுவும் வேண்டாம்.

பிடிக்காத புத்தகத்துக்கு 50 பக்கம் தவணை கொடுங்கள். பெரிய நாவலுக்கு 100. பெரிய நாவல்கள் ஆட்களை அறிமுகப்படுத்தவே அவ்வளவு எடுத்துக்கொள்ளும். அதற்குள் அடுத்து என்ன என்ற ஆவல் வரவில்லை என்றால், நோட்டில் காரணத்தை ஒரு வரி எழுதிவிட்டு மூடுங்கள். இந்தக் கைவிட்ட பட்டியல் ஆண்டுக் கடைசியில் படித்த பட்டியலைவிட உங்களைப் பற்றி அதிகம் சொல்லும். ஒரே நேரத்தில் மூன்றுக்கு மேல் திறந்து வைக்க வேண்டாம்: ஒரு கதை, ஒரு கட்டுரை, ஆண்டு முழுவதும் நீட்டிப் படிக்கிற அந்த ‘ஆண்டு நூல்’.

வாங்குவதைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியில், இலக்கு வைத்த சூட்டோடு வந்து சேர்கிறது. பத்து சதவீதத் தள்ளுபடிக்கு மூன்று பை நிறைய வாங்கி வந்து அடுக்குகிறவர், வாங்கியதையே படித்ததாக எண்ணிக்கொள்கிறார். படித்து முடித்த இரண்டுக்கு ஒன்று வாங்கலாம் என்ற விகிதம் வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்துக்கு நூலகம். சிம்மக்கல் மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராகி எடுத்த புத்தகத்துக்குத் திருப்பித் தர வேண்டிய தேதி என்று ஒன்று இருக்கிறது, அந்தத் தேதி உங்களைப் படிக்க வைக்கும். சொந்தப் புத்தகத்துக்கு அந்த நெருக்கடி கிடையாது, பத்து வருடம் காத்திருக்கும். விலை கூடிய ஆய்வு நூல், அகராதி, கல்வெட்டுத் தொகுதி இவற்றுக்கு 2023 ஜூலையில் நத்தம் சாலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு காலையை அங்கே வைத்து, புதுத் துறைக்கு ஒதுக்கிய கால் பங்கை அங்கேயே கழித்துவிடலாம்.

ஜூன் 30 அன்று நோட்டை எடுத்துக் கூட்டிப் பாருங்கள். 1,500 பக்கம் வந்திருக்க வேண்டும். 1,000-தான் என்றால் பிற்பாதியில் 2,000 என்று ஏற்றாதீர்கள். முழு ஆண்டு இலக்கையும் 2,000-க்கு இறக்குங்கள். பெயர் எழுதாமல் விட்ட கால் பங்கில் முதலில் வெட்டுங்கள், அடுத்துப் பிடித்ததில். புதுத் துறையிலும் ஆண்டு நூலிலும் கை வைக்க வேண்டாம். தமுக்கத்தில் மதுரைப் புத்தகத் திருவிழா வழக்கமாக ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில்தான் வரும். ஜூனில் இறக்கிய கணக்கை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பணப்பையில், ரூபாய் நோட்டுக்கு முன்னால் வைத்துக்கொண்டு போங்கள்.