சாமியை நம்பி வந்தவர்களா, ஆளை நம்பி வந்தவர்களா?

வணக்கம். இன்றைக்கு மதத்தைப் பற்றிப் பேசப் போகிறேன், அதனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடவுள் இருக்கிறாரா இல்லையா என்று மல்லுக்கட்ட வந்தவர்கள் வேறு வீடியோ பார்த்துக்கொள்ளலாம், இங்கே அந்தப் பஞ்சாயத்து கிடையாது. சமூகவியல் அந்தக் கேள்வியைத் தொடுவதே இல்லை. கடவுள் பக்தியுள்ள சமூகவியலாளர்களும் இருந்திருக்கிறார்கள், பீட்டர் பெர்கர் கிறிஸ்தவர்தான், ஆனால் ஆராய்ச்சி மேசையில் உட்காரும்போது அதை வெளியே கழற்றி வைத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும் என்று சொன்னவர் அவர். அப்படியானால் என்னதான் கேட்கிறார்கள்? மனிதர்கள் ஒன்றாகச் சேர்ந்து கும்பிடும்போது அவர்களுக்குள் என்ன நடக்கிறது, அவ்வளவுதான் கேள்வி.

நான் இன்றைக்குச் சொல்ல வந்தது ஒரே விஷயம். நமக்கெல்லாம் ஒரு நினைப்பு உண்டு: ஒருவருக்கு முதலில் நம்பிக்கை வருகிறது, அதன்பிறகு அவர் அந்த நம்பிக்கைக்காரர்களோடு போய்ச் சேர்கிறார் என்று. பெரும்பாலும் நடப்பது தலைகீழ். முதலில் ஆட்கள், அப்புறம்தான் நம்பிக்கை.

இதை நான் சும்மா சொல்லவில்லை. 1960களின் தொடக்கத்தில் ஜான் லாஃப்லண்ட், ராட்னி ஸ்டார்க் என்று இரண்டு இளம் ஆய்வாளர்கள், கொரியாவிலிருந்து அமெரிக்காவுக்கு அப்போதுதான் வந்திருந்த ஒரு சின்ன மதக் குழுவோடு பல மாதங்கள் பழகினார்கள். ஒரு மனிதர் மதம் மாறும் அந்தக் கணத்தை நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது அவர்கள் ஆசை. அந்தக் குழுவைக் கொண்டுவந்தவர் யங் ஊன் கிம் என்ற பெண்மணி, நன்றாகப் படித்தவர். அவர் மேடையில் பேசிப் பார்த்தார், பத்திரிகைகளுக்குச் செய்தி அனுப்பிப் பார்த்தார், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு ஒரு குடும்பத் தலைவியின் வீட்டில் அறை எடுத்துத் தங்கினார். அந்தப் பெண் சேர்ந்தார். அடுத்து அந்தப் பெண்ணின் தோழிகள், அப்புறம் அவர்களுடைய கணவர்மார்கள். பேச்சு அதே பேச்சுதான், போதனையில் ஒரு வரிகூட மாறவில்லை, ஆனால் மேடையில் எடுபடாதது சமையலறையில் எடுபட்டது.

லாஃப்லண்டும் ஸ்டார்க்கும் கண்டுகொண்டது இதுதான்: வெளியே இருக்கும் உறவுகளைவிடக் குழுவுக்குள் இருக்கும் உறவுகள் எப்போது கனத்துப் போகிறதோ அப்போது ஒருவர் சேர்ந்துவிடுகிறார். போதனையை மணிக்கணக்கில் கேட்டு ரசித்தவர்கள், ஆனால் உள்ளே யாரோடும் ஒட்டாதவர்கள், கடைசிவரை வெளியேதான் நின்றார்கள். இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது என்னவென்றால், சேர்ந்து கொஞ்ச காலம் ஆனபிறகு அதே ஆட்களிடம் "ஏன் சேர்ந்தீர்கள்" என்று கேட்டால், தோழி சேர்ந்தாள் அதனால் நானும் என்று யாரும் சொல்வதில்லை. நான் உண்மையைத் தேடி அலைந்தேன், இங்கே கண்டடைந்தேன் என்கிறார்கள். பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்களுக்கே அப்படித்தான் ஞாபகம் இருக்கிறது.

பின்னர் 1980இல் ஸ்டார்க்கும் பெயின்பிரிட்ஜ் என்பவரும் மார்மன் என்ற அமெரிக்க மதப் பிரிவின் மிஷனரிகளுடைய கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டினால் ஆயிரத்துக்கு ஒரு ஆள் மாறுகிறார். ஏற்கெனவே மார்மனாக இருக்கும் ஒரு நண்பர் வீட்டிலோ சொந்தக்காரர் வீட்டிலோ வைத்து முதல் சந்திப்பு நடந்தால், பாதிக்குப் பாதி மாறுகிறார்கள். ஆயிரத்தில் ஒன்று எங்கே, இரண்டில் ஒன்று எங்கே!

சரி, சேர்ந்துவிட்டார்கள், சேர்ந்ததனால் என்ன கிடைக்கிறது? இங்கேதான் ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபரைக் கூப்பிட வேண்டும். வெபர் என்றால் உடனே சீர்திருத்தக் கிறிஸ்தவம், முதலாளித்துவம் என்று பாடப்புத்தக வரியை ஒப்பிப்பார்கள், அதை விடுங்கள், அவர் 1904இல் அமெரிக்கா சுற்றப் போனபோது பார்த்த ஒரு காட்சி அதைவிடச் சுவையானது.

வட கரோலினாவில் அவருக்குத் தூரத்துச் சொந்தக்காரர்கள் விவசாயம் செய்துகொண்டிருந்தார்கள். அக்டோபர் மாதம், ஞாயிற்றுக்கிழமை. மலையிலிருந்து ஓடை வந்து விழும் ஒரு குளம், ராத்திரிக் குளிரில் அங்கங்கே தண்ணீர் உறைந்திருந்தது. பாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவச் சபையில் சேர ஆணும் பெண்ணுமாகப் பத்துப் பேர் போல, உள்ளதிலேயே நல்ல உடையைப் போட்டுக்கொண்டு ஒருவர்பின் ஒருவராகக் குளத்தில் இறங்குகிறார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கும் போதகர் ஒவ்வொருவரையும் பின்னால் சாய்த்துத் தலை மூழ்க அமுக்கி எடுக்கிறார். மூச்சுத் திணறி, வெடவெடத்து ஏறி வருகிறவர்களைச் சுற்றி நின்று எல்லோரும் வாழ்த்துகிறார்கள், கனமான போர்வையைச் சுற்றி வண்டியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். விசுவாசம் இருந்தால் சளி பிடிக்காது என்று சொந்தக்காரர் ஒருவர் வெபரிடம் சொல்கிறார். இன்னொரு சொந்தக்காரருக்கு இதிலெல்லாம் ஈடுபாடு கிடையாது, எச்சிலைத் துப்பிக்கொண்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர், ஓர் இளைஞன் மூழ்கி எழுந்ததும், "பார், நான் அப்போதே சொன்னேனே" என்கிறார். ஏன் என்று வெபர் கேட்டால், "அவன் பக்கத்து ஊரில் பேங்க் திறக்கப் போகிறான்" என்று பதில் வருகிறது.

பாப்டிஸ்டுகளை மட்டும் வைத்து அவன் பேங்க் நடத்திவிட முடியுமா, அவ்வளவு பேர் இருக்கிறார்களா என்று வெபர் விடாமல் கேட்கிறார். இல்லையாம். ஆனால் ஞானஸ்நானம் வாங்கிவிட்டால் சுற்றுவட்டாரமே அவனிடம்தான் பணம் போடுமாம், போட்டிக்கு ஒருவரும் நிற்க முடியாதாம். ஏனென்றால் அந்தச் சபை யாரையும் சும்மா உள்ளே விடுவதில்லை. குடிக்கிறானா, சீட்டாடுகிறானா, நடனத்துக்குப் போகிறானா, வாங்கிய கடனைத் தவணை தப்பாமல் கட்டினானா என்று பழைய கதையையெல்லாம் சின்ன வயதிலிருந்து தோண்டிவிட்டுத்தான் சேர்ப்பார்கள். அந்த அலசலில் தேறிவிட்டான் என்பதே ஊருக்குப் போதுமான உத்தரவாதம்.

அதே பயணத்தில், ரயிலில், கல்லறைக் கற்களில் பதிக்கும் இரும்பு எழுத்துகளை விற்கும் ஒரு வியாபாரி வெபரிடம் பேச்சுக் கொடுத்தார். எவன் எதை நம்பினாலும் நம்பாவிட்டாலும் எனக்கு என்ன, ஆனால் எந்தச் சபையிலும் சேராத ஆளுக்கு நான் ஐம்பது சென்ட்கூடக் கடன் கொடுக்க மாட்டேன் என்றாராம். கவனித்தீர்களா, எதை வேண்டுமானாலும் நம்பு, ஆனால் எங்காவது சேர்ந்திரு என்கிறார். நான் இவ்வளவு நேரம் இழுத்துச் சொல்வதை அந்த மனிதர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

துர்கைமைப் பற்றிச் சொல்லாவிட்டால் சமூகவியல் படித்தவர்கள் அடிக்க வருவார்கள். எமில் துர்கைம் யூத மதகுருமார் பரம்பரையில் பிறந்தவர், அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா எல்லோரும் மதகுருக்கள், இவர் மட்டும் நம்பிக்கையை விட்டுவிட்டுப் பேராசிரியர் ஆனவர். 1912இல் ஆஸ்திரேலியப் பழங்குடிகளை வைத்து ஒரு வாதம் சொன்னார்: சிதறி வாழும் மக்கள் சடங்குக்காக ஒன்றுகூடி ஆடும்போது ஒருவித வேகம் பிறக்கிறது, தனக்கு மேலே ஏதோ ஒரு சக்தி தன்னைத் தூக்கிப் போவதாக ஒவ்வொருவரும் உணர்கிறார்கள், அந்தச் சக்தி நிஜம், ஆனால் அது அந்தக் கூட்டத்தின் சக்தி. ஆஸ்திரேலியா பக்கமே போகாமல் மற்றவர்கள் எழுதியதைப் படித்துவிட்டு எழுதினார் என்பது உண்மை, அதற்காக அவரை நிறைய பேர் கிழித்திருக்கிறார்கள். ஆனாலும் பெரிய கூட்டத்தில் நின்று ஒரே குரலில் ஒன்றைச் சொல்லிப் பார்த்தவர்களுக்கு அவர் எதைச் சொல்கிறார் என்று புரியும்.

இதற்குக் கொஞ்சம் புதிய ஆதாரமும் இருக்கிறது. 2010இல் சேயூன் லிம், ராபர்ட் புட்னம் இருவரும் அமெரிக்காவில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். மதப்பற்று உள்ளவர்கள் வாழ்க்கையில் திருப்தியாக இருக்கிறார்கள் என்று ரொம்ப நாளாகச் சொல்லிவருகிறார்களே, அது ஏன் என்பதுதான் கேள்வி. வாராவாரம் வழிபாட்டுக்குப் போய், அந்தச் சபையிலேயே மூன்று முதல் ஐந்து நெருங்கிய நண்பர்களும் உள்ளவர்களில் 33 சதவீதம் பேர் ரொம்பவே திருப்தியாக இருப்பதாகச் சொன்னார்கள். வாராவாரம் போகிறார், ஆனால் அங்கே ஒரு நண்பர்கூட இல்லை என்றால்? 19 சதவீதம்தான். போகவே போகாதவர்களும் ஏறக்குறைய அதே அளவு. தனியாகப் பிரார்த்தனை செய்வதோ, கடவுளின் அன்பை உணர்வதோ இந்த வித்தியாசத்தை விளக்கவில்லை. வெளியே நண்பர்கள் இருந்தாலும் அதே பலன் வரவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

எதிர்க்கேள்வி ஒன்று வரும், நியாயமானதுதான். கூட்டம் இல்லாமலே நம்புகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்களே? எந்தச் சபைக்கும் போவதில்லை, ஆனால் மேலே ஒரு சக்தி இருக்கிறது என்பார்கள். பிரிட்டனைப் பற்றி கிரேஸ் டேவி என்ற சமூகவியலாளர் 1994இல் இதையேதான் சொன்னார்: நம்பிக்கை அப்படியே இருக்கிறது, சேர்ந்திருப்பதுதான் போய்விட்டது என்று. 2005இல் டேவிட் வோஸ், அலஸ்டர் கிராக்கெட் இருவரும் தலைமுறை வாரியாகக் கணக்குப் பார்த்து அதை மறுத்தார்கள். அம்மா அப்பா இருவரும் மதப்பற்றுள்ளவர்களாக இருந்தால் பிள்ளைக்கு அது போய்ச்சேரும் வாய்ப்பு பாதி, ஒருவர் மட்டும் என்றால் அதிலும் பாதி, இருவருக்கும் இல்லையென்றால் பிள்ளைக்கும் அநேகமாக இல்லை. நம்பிக்கையும் சேர்க்கையும் கூடவே சேர்ந்துதான் தேய்கின்றன. தனியாக நம்புகிறவர் தன் ஆயுளுக்கு நம்பிவிடுவார், ஆனால் அதைப் பிள்ளைக்குக் கொடுக்க ஆள் பலம் வேண்டும்.

டென்மார்க்கில் நிலைமை வேறு. அங்கே பத்தில் ஏழு பேர் இன்னமும் தேசியத் திருச்சபையின் உறுப்பினர்கள், அதற்குத் தனியாக வரியும் கட்டுகிறார்கள், ஆனால் சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் கோயில் பெஞ்சுகள் காலியாகக் கிடக்கும். குழந்தைக்குப் பெயர் வைக்க, இறந்தால் அடக்கம் செய்ய, இதற்கெல்லாம் வேண்டும். நம்பிக்கை வற்றினாலும் சேர்க்கை நிற்கிறது. அமெரிக்காவில் இதற்கு ஒரு வேடிக்கையான சாட்சி உண்டு: 1993இல் மூன்று ஆய்வாளர்கள் நிஜமாகத் தலையை எண்ணிப் பார்த்தபோது, வழிபாட்டுக்குப் போனேன் என்று கருத்துக்கணிப்பில் சொன்னவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் போயிருந்தார்கள். கேட்டது "இந்த வாரம் போனீர்களா" என்று, அவர்கள் பதில் சொன்னது "நீங்கள் எங்கள் ஆளா" என்ற கேள்விக்கு.

இவ்வளவும் என் வாதத்துக்குச் சாதகம். இனி பாதகமானது, இதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. கூட்டம்தான் முக்கியம், நம்பிக்கை அப்புறம் என்றால், கடவுளை மட்டும் எடுத்துவிட்டு மீதியை அப்படியே வைத்துக்கொண்டு நடத்த முடிய வேண்டும், இல்லையா? நடத்திப் பார்த்தார்கள். 2013 ஜனவரியில் லண்டனில் இரண்டு நகைச்சுவைக் கலைஞர்கள், வழிபாடு நின்றுபோன ஒரு பழைய தேவாலயத்தில் ஞாயிறு சபை ஒன்றைத் தொடங்கினார்கள். பாட்டு உண்டு, உரை உண்டு, கூடிப் பேசி டீ குடிப்பது உண்டு, சாமி மட்டும் இல்லை. பத்திரிகைகள் கொண்டாடின, ஒன்றிரண்டு வருடத்திலேயே பல நாடுகளில் கிளைகள் முளைத்தன. பிறகு கூட்டம் குறைந்தது, கிளைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

ஏன்? ரிச்சர்ட் சோசிஸ் என்ற மானுடவியலாளர் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் தோன்றிய 200 கூட்டு வாழ்க்கைக் குடியிருப்புகளை எடுத்து ஆராய்ந்தார், சில மதம் சார்ந்தவை, சில பொதுவுடைமை மாதிரியான மதமற்ற இலட்சியங்களை வைத்துத் தொடங்கியவை. எந்த ஒரு வருடத்தை எடுத்தாலும் மதமற்றது கலைந்துபோகும் வாய்ப்பு நான்கு மடங்கு அதிகம். பிறகு 2003இல் அவற்றில் 83 குடியிருப்புகளில் என்னென்ன கட்டுப்பாடுகள் இருந்தன என்று பார்த்தார்: மதுவை விடு, சொத்தை ஒப்படை, உடையை மாற்று, திருமணமே வேண்டாம், இப்படி. மதக் குடியிருப்புகளில் கட்டுப்பாடு கூடக்கூட ஆயுளும் கூடியது. மதமற்றவற்றில் அதே கட்டுப்பாடுகள் ஒரு பலனும் தரவில்லை.

இங்கேதான் நான் மாட்டிக்கொள்கிறேன். கூடி டீ குடிப்பதனால் மட்டும் ஒரு கூட்டம் நிலைப்பதில்லை, எதையாவது கேட்க வேண்டும், கஷ்டமானதைக் கேட்க வேண்டும். "இதை நாம் எல்லோரும் சேர்ந்து முடிவு பண்ணினோம்" என்று சொன்னால், அடுத்த வருடம் ஒருவர் எழுந்து, சரி, இப்போது மாற்றி முடிவு பண்ணுவோமே என்பார். "இது மேலிடத்துக் கட்டளை" என்றால் அதை வாக்கெடுப்புக்கு விட முடியாது. ஆக, உள்ளே அழைத்துவருவது ஆட்கள்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஆனால் உள்ளே வந்தவர் மாதச் சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு, விடியற்காலையில் எழுந்து, பிடித்ததைச் சாப்பிடாமல் இருக்க வேண்டும் என்றால், அதற்குக் கேள்வி கேட்க முடியாத ஒன்று நடுவில் இருந்தாக வேண்டும் போலிருக்கிறது. வெளி நண்பர்களால் ஏன் அந்த 33 சதவீதம் கிடைக்கவில்லை என்பதற்கும் இதில்தான் விடை இருக்கும் என்று நினைக்கிறேன்.

மதம் எதுவும் இல்லாமல், ஆட்களிடம் இந்த அளவுக்குக் கேட்டுவாங்கி, இரண்டு மூன்று தலைமுறை தாக்குப்பிடித்த ஓர் அமைப்பு உங்களுக்குத் தெரிந்தால் கமெண்ட்டில் எழுதுங்கள். ராணுவம் என்று மட்டும் எழுதாதீர்கள், அதற்குச் சம்பளமும் பென்ஷனும் உண்டு.