ஆய்வு ஊருக்குத் திரும்பி வர வேண்டும்

தலைவர் அவர்களே, வெயிலையும் பொருட்படுத்தாமல் நேரத்துக்கே வந்து அமர்ந்திருக்கும் பிரதேச செயலாளர் அவர்களே, கமக்கார அமைப்புத் தலைவர் அவர்களே, எனக்கு ஏடு தொடக்கிய ஓய்வுபெற்ற அதிபர் ஐயா அவர்களே (ஐயா, நீங்கள் வந்தது எனக்குப் பெரிய பலம்), இந்தச் சனசமூக நிலையத்துக்குக் காணி தந்த குடும்பத்தாரே, தாய்மார்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். கோயில் ஐயா பூசை முடித்துவிட்டு வருவதாகச் சொன்னார், அவருக்கும் சேர்த்தே வணக்கம்.

உலகத் தமிழாராய்ச்சி மாநாடு வளர்ந்த கதையைப் பேசச் சொன்னார்கள். மூன்று விஷயம் சொல்கிறேன்: மாநாடு எப்படி வளர்ந்தது, எங்கள் வன்னிக்கு அதில் என்ன இடம், எங்கள் வவுனியாப் பல்கலைக்கழகம் என்ன செய்யலாம்.

ஊர்காவற்றுறைப் பக்கம் கரம்பொனில் பிறந்த தனிநாயகம் அடிகள் முன்னின்று, 1964இல் டெல்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தொடங்கியது. இரண்டே வருடத்தில், 1966இல், கோலாலம்பூரில் முதல் மாநாடு. பிறகு 1968 சென்னை, 1970 பாரிஸ், 1974 யாழ்ப்பாணம். யாழ்ப்பாண மாநாட்டைப் பேராசிரியர் வித்தியானந்தன் எவ்வளவு இடைஞ்சலுக்குள் நடத்தி முடித்தார் என்பதும், கடைசி நாள் வீரசிங்கம் மண்டபத்துக்கு வெளியே உயிர்கள் போனதும் இங்கே இருக்கிற பெரியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அடிகள் 1980இல் காலமானார், அடுத்த வருடம் மதுரையில் நடந்த ஐந்தாவது மாநாட்டை அவர் காணவில்லை. 1995இல் தஞ்சாவூர், அதற்குப் பிறகு 20 வருடம் ஒன்றுமில்லை, 2015இல் மறுபடி கோலாலம்பூர், 2019இல் சிகாகோ. இலக்கியம், இலக்கணத்தோடு நிற்காமல் வரலாறு, தொல்லியல், மானிடவியல், சமூகவியல் என்று எல்லாம் வந்து சேர்ந்தன. நல்ல வளர்ச்சிதான். ஆனால் என் அம்மம்மா எதற்கெடுத்தாலும் ஒன்று சொல்லுவா: ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

வன்னிக்கு அதில் என்ன இடம் என்பதற்கு அம்மம்மாவின் கதையையே சொல்கிறேன். நாங்கள் மீள்குடியேறித் தறப்பாள் கொட்டிலில் இருந்த காலம். ஒரு நாள் மத்தியானம் ஒரு பிள்ளை ரெக்கோடரோடு வந்தா, நாட்டார் பாடல் ஆய்வு செய்கிறாவாம். அம்மம்மாவுக்கு அப்போது எண்பது வயதுக்கு மேலே, கண் சரியாகத் தெரியாது. முதலில் "எனக்கு ஒண்டும் ஞாபகமில்லை மோனை" என்றா. பிளேன்ரீ குடித்து முடிந்ததும் என்ன நினைத்தாவோ, சுளகை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டு அருவி வெட்டுப் பாட்டை, அதுதான் நெல் அறுக்கிற பாட்டை, தொடங்கினா. அது முடியச் சூடு மிதிக்கிற, அதாவது கதிரை மிதித்து நெல் பிரிக்கிற பாட்டு, "பொலியோ பொலி" என்று குரல் எழும்ப, பக்கத்துக் கொட்டில் சனம் எல்லாம் வாசலில் வந்து நின்றது. நான் பிறந்த நாளிலிருந்து அந்தப் பாட்டை அவ பாடிக் கேட்டதில்லை. பொழுதுபடும் வரை பாடினா. நடுவிலே இரண்டு இடத்தில் நிறுத்தி, செத்துப்போன தாத்தாவைக் கூப்பிட்டு "அடுத்த அடி என்ன?" என்று கேட்டா, தானே பிடித்துக்கொண்டு மேலே பாடினா. போகும்போது அந்தப் பிள்ளையின் கையில் ஒரு சின்னப் போத்தல் தேனையும் கொடுத்துவிட்டா.

அதற்குப் பிறகு மூன்று வருடம் இருந்தா. நாய் குரைத்தால் "அந்தப் பிள்ளையோ?" என்று கேட்பா. பாட்டும் வரவில்லை, கட்டுரையும் வரவில்லை. எந்த மேடையில் வாசிக்கப்பட்டதோ, எந்த மொழியில் அச்சானதோ, எங்களுக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் வீட்டில் அந்தப் பாட்டை முழுதாகப் பாட இன்றைக்கு ஆளில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்கிறோம், எங்களுக்கு அந்த ஏடுகூடக் கிடைக்கவில்லை.

பல்கலைக்கழகம் பற்றிச் சொல்வதாக இருந்தேன், நேரம் போய்விட்டது. வவுனியாப் பல்கலைக்கழகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமானபோது விஞ்ஞானம், வணிகம், தொழில்நுட்பம் என்று மூன்று பீடங்களோடு வந்தது, கலைப்பீடம் இல்லை. அது இன்னொரு நாள் பேச வேண்டிய பெரிய பேச்சு.

இன்றைக்கு நான் கேட்பது ஒன்றே ஒன்று. வாசிகசாலை மேசையில் ஒரு தடித்த கொப்பி வைத்திருக்கிறோம். ஆய்வு என்று யார் வந்தாலும் முதலில் இங்கே பெயர், முகவரி, யாரிடம் என்ன பதிந்தார்கள் என்பதை எழுதட்டும். பதிந்த பாட்டின் ஒரு பிரதியும், கட்டுரையின் தமிழ்ச் சுருக்கம் இரண்டு பக்கமும் இந்த அலுமாரிக்கு வர வேண்டும். பிரதேச செயலாளர் அவர்கள் இதை மற்றக் கிராமங்களுக்கும் அறிவிக்க வேண்டும் என்று பணிவாகக் கேட்கிறேன். கொப்பியின் முதல் பக்கத்தில் அம்மம்மா பாடியதில் எனக்கு ஞாபகம் இருக்கிற பதினொரு அடியை எழுதியிருக்கிறேன். மிச்சம் தெரிந்த ஆச்சிமார் யாராவது இங்கே இருந்தால் கூட்டம் முடிய என்னிடம் வாருங்கள், எழுத ஆளும் பேனையும் தயாராக இருக்கிறது.